பதிமூன்றாம் வாய்ப்பாடு

எங்கள் வீட்டில் அத்தையின் வேலையை யாரும் ஒரு வேலையாக மதித்ததில்லை. அப்பாவின் தங்கை அவள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் உதவியாளர். சீட்டு எழுதுவாள், கட்டுப் போடுவாள், ஊசியைக் கொதிக்க வைப்பாள். அந்த டாக்டர் அவளை ஒரு மாதம் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பிவைத்ததுதான் வினை. தினமும் சாயங்காலம் வந்ததும் வராததுமாக யாராவது ஒருவர் கையை மடக்கி, முக்கோணத் துணியால் கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டுவிடுவாள். எனக்கு மட்டும் அந்த மாதம் ஏழு தடவை கை ஒடிந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியையான என் அம்மா, சாப்பாடு போடும்போது "டாக்டரம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம்" என்பாள். ரசத்தைவிட அந்தப் பேச்சில்தான் மிளகு அதிகம்.

அது கோடை விடுமுறை. கிணறு வற்றிவிட்டதால் எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் லாரி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்து போயிருந்தது. பத்துக் குடம் பிடித்துப் பின்கட்டில் வரிசையாக வைத்திருந்தோம். குடங்களைச் சுற்றி நொண்டியடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே சமையலறைக்குள் போனேன். சோறு வடிக்கிறேன், உள்ளே வராதே என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் போனேன். ஒன்பது வயதுக்கு அவ்வளவு திமிர். என் தோள் அவள் முழங்கையில் இடித்தது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி அவள் வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொட்டியது.

அம்மா கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கரும்பலகையில் எழுதுகிற கை அது.

பானை உருண்ட சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவுச் சட்டியோடு ஓடி வந்தாள். எங்கள் தெருவில் சுட்ட காயத்துக்கு மருந்து இட்லி மாவுதான். புளித்த மாவாக இருந்தால் இன்னும் விசேஷம். அதற்குள் அத்தை அம்மாவைப் பின்கட்டுக்கு இழுத்துவந்து உட்காரவைத்து, கை வீங்குவதற்கு முன்னால் வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு சொம்பைக் கொடுத்து, குடத்திலிருந்து மொண்டு மொண்டு அம்மாவின் கையில் விடாமல் ஊற்றச் சொன்னாள்.

"இன்னாம்மா நீ, தண்ணிய ஊத்திகினு கீற? தண்ணி பட்டா கொப்புளம் வந்துடும். மாவத் தடவு" என்றாள் அக்கா.

"மாவு வேணாங்க்கா. சூடு உள்ளயே நின்னுடும். இருவது நிமிஷம் தண்ணிதான்."

இருபது நிமிஷமா, அதுவும் லாரித் தண்ணீரா என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவின் கண்ணும் மாவுச் சட்டிமேல்தான் இருந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அத்தை பிடியை விடவில்லை.

என் கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வாய்ப்பாடு சொல்லிகிட்டே ஊத்து. ரெண்டுலேர்ந்து ஆரம்பி. சத்தமா."

செய்த தப்புக்குத் தண்டனை என்று புரிந்துகொண்டேன். இரண்டு அடி போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மாவின் கை வெந்து கிடக்கும்போது வாய்ப்பாடு கேட்கிறாளே, இவளும் ஒரு மனுஷியா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று தொடங்கினேன். பன்னிரண்டு முடிந்ததும் பதிமூன்றை விட்டுவிட்டுப் பதினாலுக்குத் தாவினேன். எனக்கும் பதிமூன்றுக்கும் எப்போதும் தகராறு.

"பதிமூணு எங்கடி?"

கேட்டது அம்மா. கண்ணை மூடியபடி, வகுப்பில் கேட்கிற அதே குரலில். அத்தை சிரித்துவிட்டாள்.

ஆறு குடம் காலியாயிற்று. துவைத்துவைத்திருந்த வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றி, அத்தை அம்மாவை ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். முழங்கையருகே ஒரு கொப்புளம், அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறந்தபோது அம்மா அதே கையால் எழுதினாள். அதற்குப் பிறகும் அத்தையை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டாள். மிளகு மட்டும் குறைந்திருந்தது.

வெளியே போயிருந்த அப்பா அன்றைக்குச் சாயங்காலம் வந்து, எப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கைப்பிடித் துணி வழுக்கிவிட்டது என்று அத்தை சொன்னாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். ஆறு குடத்தையும் நினைத்து முணுமுணுத்துக்கொண்டே, அப்பா சைக்கிளில் காலிக் குடங்களைக் கட்டிக்கொண்டு போனார்.

பல வருஷம் நான் அத்தையை மன்னிக்கவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான், நேரத்தை அளப்பதற்காக அவள் வாய்ப்பாடு சொல்லவைத்தாள் என்று நானாகவே கண்டுபிடித்தேன். என்ன சமயோசிதம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். அத்தையிடமே ஒரு முறை சொன்னேன். ம் என்று கேட்டுக்கொண்டாள்.

அதற்கும் வெகுநாள் கழித்து, ஏதோ பேச்சில் அவளுடைய பழைய வாட்ச் ஞாபகத்துக்கு வந்தது. கிளினிக்கில் நாடி பார்ப்பதற்காக வாங்கியது. குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள். அன்றைக்கும் அது அவள் இடது கையில் இருந்தது. மூன்று தடவை அதைத் திருப்பி மணி பார்த்தாள். நானே பார்த்தேன். அம்மாவுக்கு வேண்டியது தண்ணீர், நேரத்துக்கு வாட்ச் இருந்தது. வாய்ப்பாடு யாருக்கு? பின்கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.