தொய்வு என்று சொல்லிவைத்தேன்

எனக்கு இருப்பது பரம்பரை நோய் என்பதை என் தம்பியிடம் மறைத்தேன். அவனுக்கும் அது இருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டுதான் மறைத்தேன்.

நான் ஒருநாளும் சிகரெட் பிடித்தவனல்ல. ஆனாலும் ஓய்வுபெற்ற புதிதில், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் படியேற மூச்சு முட்டியது. பல டெஸ்ட்டுகளுக்குப் பிறகு டொக்டர் விளக்கினார். ஈரல் ஒரு புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. கிருமியோடு சண்டை பிடிக்கிற உடம்பு தன் நுரையீரலையே அரித்துவிடாமல் காப்பது அதுதான். எனக்கு அது மிகக் குறைவு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்த குறை.

"கூடப்பிறந்தவையும் டெஸ்ட் செய்யவேணும். சிகரெட் பிடிக்கிற ஆளெண்டால் உடனே விடவேணும்" என்றார்.

எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரு தம்பிதான். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி, துறைமுகத்தில் வேலை பார்த்தவன். சிகரெட் பெட்டி இல்லாத சட்டைப்பையோடு அவனை நான் கண்டதில்லை.

அப்போது என் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆட்கள் சாதகக் குறிப்புப் பார்க்கும் முன்பே விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கீழ்மாடிக்காரரிடம் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள். "அந்தக் குடும்பத்தில ஏதும் நோய் வருத்தம் இருக்கோ?" பரம்பரை என்ற சொல் ஒரு காதில் விழுந்தால் போதும். ஆகவே எல்லோரிடமும் எனக்குத் தொய்வு, வெறும் ஆஸ்துமா, என்று சொல்லிவைத்தேன். தொய்வு இல்லாத வீடு ஏது?

மகள் கல்யாணம் கட்டி வெளிநாடு போனாள். அதன் பிறகாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்ற வெட்கம். ஞாயிறுகளில் தம்பி வருவான். கடலைப் பார்த்த என் பல்கனியில் நின்று பற்றவைப்பான். "அண்ணைக்குத் தொய்வு" என்று முகத்தைத் திருப்பி, புகையை ரயில் பாதைப் பக்கமாக ஊதுவான்.

பிறகு கொரோனா வந்தது. என் குறை எனக்குத் தெரியும். கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு வரவில்லை. தம்பி வீட்டில் மூவருக்கும் வந்தது. மனைவிக்கும் மகளுக்கும் காய்ச்சல், இருமல், அவ்வளவுதான். அவனை ஆஸ்பத்திரியில் ஒக்சிசனில் போட்டார்கள். பிழைத்தான். ஆனால் மூக்கில் குழாயும் பக்கத்தில் மெஷினுமாக வீடு வந்தான்.

அன்றுதான் போய்ச் சொன்னேன்.

"தொய்வெண்டுதானே சொன்னனீங்கள், அண்ணை?"

"ஓம். பொய்."

தம்பி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான்.

"அப்ப, நான் உங்கட பல்கனியில நிண்டு ஊதேக்குள்ள பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம்."

"தேத்தண்ணியும் தந்தனீங்கள்."

என் டொக்டரிடமே அவனைக் கூட்டிப் போனேன். அவனுக்கும் அதே குறை. கொரோனா அவனை இப்படி அடித்ததற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். "இருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஏலாது. புகையும் பழுதாக்கியிருக்கு" என்றார். நான் திரும்பவும் கேட்டேன். தம்பி இருமிக்கொண்டே சிரித்தான்.

"டொக்டர், ஏதாவது ஒரு தீர்ப்பைச் சொல்லுங்கோ. அண்ணை பாவம், தூக்கமில்லாமல் திரியிறார்."

அவன் மகளையும் டெஸ்ட் செய்ய வைத்தேன். அவளுக்கு ஒரு பக்கக் குறைதான், தகப்பனுடையது. பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை என்றார்கள். அந்த நேரம் அவளுக்கும் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை எதையும் மறைக்கக்கூடாது என்று எனக்குள் ஒரு வேகம். யாரையும் கேட்காமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் முழுவதையும் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் மரியாதையாகக் கேட்டார். கேக் வெட்டித் தந்தார். பிறகு அங்கிருந்து ஒரு போனும் வரவில்லை.

தம்பியின் மகள் என்னிடம் ஒரு தடவைதான் கேட்டாள். "பெரியப்பா, உங்கட மகளெண்டால் மறைச்சுப்போட்டீங்கள். நானெண்டால் சொல்லிப்போட்டீங்கள், என்ன?"

அன்றிரவே என் மகளுக்குப் போன் எடுத்து, நோயையும் மறைத்ததையும் சொன்னேன். டெஸ்ட் செய்வதாகச் சொன்னாள். புருஷனுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள்.

இப்போது ஞாயிறுகளில் கொட்டாஞ்சேனைக்கு நான்தான் போகிறேன். இரண்டு கிழவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறோம். தம்பி கதைக்கிறான். அவன் மகள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறாள்.