காலியாகாத நர்ஸ் வேலை

திங்கட்கிழமை வழிபாடு முடிந்ததும் தலைமையாசிரியர், "இன்று சத்துணவு கிடையாது" என்றார். வரிசையில் சிலர் முணுமுணுத்தோம். பிறகுதான் காரணம் சொன்னார். நமக்குச் சமைத்துப் போட்ட ஆரோக்கியம்மா முந்தின நாள் இறந்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா அக்கா நம் ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவர். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு சவூதிக்கு வேலைக்குப் போனார். மாலை போட்டு வழியனுப்பினோம். விடுப்பில் போனவரின் இடம் காலியிடம் ஆகாது, வேறு நர்ஸை அனுப்ப மாட்டார்கள் என்பது அன்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் கதவுக்குப் பூட்டுதான்.

ஆரோக்கியம்மாவுடன் பருப்பு கழுவும் பழனியக்கா ஒருமுறை சீண்டினார். "உங்களுக்கென்னுங்க, ஃபாரின் சென்ட்டு ஊடெல்லாம் மணக்குது."

"ஆமா அம்மணி, சாம்பார்ல ரெண்டு சொட்டு உடட்டுமா?" என்றார் இவர், கரண்டியை நிறுத்தாமல்.

போன மழைக்காலத்தில் ஊர்ப் பெண்கள் சமையல்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் சத்தியமங்கலம் வரை அலைகிறவர்கள். "ஏனுங்க, உங்க புள்ளைய வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துபோடச் சொல்லுங்க. புது நர்ஸம்மாவாச்சும் வரட்டும்."

"அத மட்டும் கேக்காதீங்க. இங்க வேலை இருக்கறதுனாலதான் அவ திரும்பி வருவா. அதையும் உட்டுபோட்டா எதுக்குங்க வரப்போறா?"

"இவங்க புள்ள வரோணும்னு ஊரே சாகோணுமாக்கும்" என்று ஒருத்தி போகும்போது சொன்னாள். ஆரோக்கியம்மா அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை அவருக்கு இளைப்பு கண்டது. மகள் இருந்தபோது ஓர் ஊசியில் அடங்கிய இளைப்பு. பூட்டிய கதவைத் தாண்டி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். சத்தியமங்கலம் போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

ஸ்டெல்லா அக்கா அடக்கத்துக்கு வரவில்லை. அங்கே லீவு தரவில்லையாம். மண் போடும்போது என் பின்னால் யாரோ, "இனி அந்தப் புள்ள எதுக்கு வருது? வேலைய உட்டுபோடும், புது நர்ஸைப் போட்ருவாங்க" என்றார்கள். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது.

இறப்பதற்குச் சில நாள் முன்பு அவர் மூச்சு வாங்கியபடி பரிமாறிக்கொண்டிருந்தார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "அக்கா அங்க எத்தன பேரைக் காப்பாத்தறாங்க, உங்களுக்குப் பெருமைதானுங்களே?" என்று கேட்டேன்.

"பெருமைதான் கண்ணு. இளைப்பு வர்றப்ப பெருமையவா ஊசி போட்டுக்கறது?" என்று சிரித்து, என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

அந்தப் பதில் என்னிடம் இருக்கிறது. ஸ்டெல்லா அக்கா என்றாவது வந்தால், அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.