இடி இடித்தால் பிடுங்கிவிடு

மாலை நான்கு பத்துக்குச் சிறுமலைப் பக்கம் முதல் இடி இடித்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் வீட்டுக் கணினியை அங்கிருந்தே சோதித்துக்கொண்டிருந்த நேரம் அது. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கும் பழைய வகை எண் முகவரிகள் தீர்ந்துவருகின்றனவாம். புது முகவரி முறை சாதாரண வீடுகளிலும் வேலை செய்யும் என்று மேலதிகாரிக்குக் காட்டினால்தான் அவன் வேலை நிரந்தரமாகும். "அம்மா, சாயங்காலம் வரைக்கும் எதையும் தொட்றாதீங்க" என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

ஆனால் இடி இடித்தால் எங்கள் தெருவில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். டிவி, கணினி, மோடம், தொலைபேசி வயர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். செல்போனையும் அணைத்தேன். பிள்ளையின் கணினியைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, பஜ்ஜிக்கு மாவு கரைத்தேன்.

மழை விடுவதற்குள் கதவை யாரோ தட்டினார்கள். பேகம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய், தொப்பலாக நனைந்து நின்றார்.

"டீச்சர், உங்க வீட்ல இடி விழுந்துருச்சா? போனே போகலன்னு உங்க தம்பி பெங்களூர்லேருந்து எனக்குப் போன் போட்டு அழுவுறான்!"

கரண்டி கையிலிருந்து விழுந்தது. சோதனை பாதியில் அறுந்ததும், மேலதிகாரியை அப்படியே உட்காரவைத்துவிட்டு என் பிள்ளை என்னைத் தேடியிருக்கிறான்.

பாய் அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் செல்போனில் சொன்னார்: "தம்பி, அம்மா நல்லா இருக்காங்கப்பா. இம்புட்டு வயரையும் அவங்களே பிடுங்கிப் போட்டுட்டு பஜ்ஜி சுடுறாங்க. நீ அழுவாம போயி ஆபீசரப் பாரு, நான் சொருகச் சொல்றேன்."