பதிவுத் தபாலில் போகாத கடிதம்

ஜெர்மனியில் எங்கள் மாநில பேஸ்பால் சங்கத்தின் வீரர் மாற்ற விதி தெளிவானது. கழகத்தை விட்டு விலக விரும்பும் பேஸ்பால் வீரர், பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள், தன் கழகத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் விலகல் கடிதம் அனுப்ப வேண்டும். இரண்டு வாரத்துக்குள் கழகம் மறுப்புச் சொல்லாவிட்டால் அவர் விடுபட்டவர். ஜனவரி முடிவதற்குள் தான் விரும்பிய கழகத்தில் பதிந்துகொள்ளலாம். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவம் முழுவதும் வேறெங்கும் ஆட முடியாது. இந்த விதியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் என் பக்கத்து மேசையில் இருந்திருந்தால் சிநேகிதராகியிருப்போம்.

நான் அந்தக் கச்சேரியில் லிகிதராக இருந்தவன். பிறகு டோர்ட்மண்டில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை நின்றேன். அதற்கு இடையிலும் பிறகும் ஊர்ச் சனத்தின் அன்ட்ராக்குகளை, அதாவது ஜெர்மன் விண்ணப்பங்களை, நிரப்பிக் கொடுத்தேன். வதிவிட அனுமதி, பிள்ளைப்பணம், வாடகை உதவி என்று எந்த விண்ணப்பத்தில் எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போட வேண்டுமென்று என்னிடம் கேட்டுத்தான் போவார்கள். அப்படிப்பட்டவன் கண்முன்னால்தான் இந்த விதி மீறப்பட்டது. நான் தடுக்கவில்லை.

பேஸ்பால் எங்களுக்கு வந்த விதம் சிறியது. கழகத்தின் மைதானம் எங்கள் தொடர்மாடிகளுக்குப் பின்னால் இருந்தது. உதைபந்தாட்டக் கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்கக் காத்திருப்போர் பட்டியல் நீளம். இங்கே பட்டியலே இல்லை. ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை இங்கே விட்டாள். அடுத்த வருடம் இன்னும் மூன்று தமிழ்ப் பிள்ளைகள். கூட்டிவந்த பெரியவர்கள் வலைக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, இது கிரிக்கெட்டைப் பழுதாக்கிய விளையாட்டு என்று முதல் இரண்டு வருடமும் சொன்னார்கள். மூன்றாம் வருடம் நடுவரோடு சண்டைக்குப் போனார்கள். பிள்ளைகளில் மூவர் வளர்ந்து விலகிவிட்டார்கள். பெரியவர்கள் விலகவில்லை.

சொந்த மைதானத்தில் ஆடும் கழகம் சான்றிதழ் பெற்ற ஸ்கோர் எழுதுபவர் ஒருவரைத் தர வேண்டும். தராவிட்டால் தண்டம். எங்கள் கழகத் தலைவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர், என் சட்டைப் பையில் இருந்த நாலு பேனையைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். அங்கே பாடம் நடத்தியவரைக் கேள்வி கேட்டது நான் ஒருவன்தான் என்று பிறகு அவரே முறைப்பட்டதாகக் கேள்வி.

முதலில் வந்த அந்த ஒன்பது வயதுப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து. பக்கத்து நகரமான ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். வேலை முடிந்து பிராந்திய ரயிலில் வந்து இறங்கி, மைதானத்துக் குழாயில் முழங்கை வரை கை கழுவிவிட்டுத்தான் பந்தைத் தொடுவான். அவன் எறிபவன். பேஸ்பாலில் ஆட்டமே எறிபவன் கையில்தான் இருக்கிறது. அவனுடைய பந்து நேராக வரும். துடுப்பை வீசத் தொடங்கியவனுக்கு மிக அருகில் வந்ததும், எதையோ கீழே போட்டுவிட்டு எடுக்கக் குனிந்ததுபோல் இறங்கும். பதினைந்து வருடம் எழுதிய என் ஸ்கோர் புத்தகங்களில் அதை எழுத ஒரு குறியும் இல்லை. வெறும் கே என்ற எழுத்துத்தான். துடுப்பாளர் தொடாமலே வெளியேறினார் என்று பொருள். ஒருவனை அப்படி வெளியேற்றியதும் அவன் மைதானத்தின் மறுபக்கம் திரும்பி நிற்பான். தோற்றவன் போகும்போது முகத்தைப் பார்க்கக் கூடாதாம். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவனை முதல் பிரிவுக் கழகங்கள் கேட்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கழகம் நான்காம் பிரிவு. அவனுடைய தோள் இன்னும் இரண்டு அல்லது மூன்று நல்ல பருவம் தாங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் அவனுக்கு ஒரு வருடம் என்பது சாதாரண வருடம் இல்லை.

செப்டம்பரில் கடைசி ஆட்டம். வென்றோம். நடுவரும் இரண்டு அணித் தலைவர்களும் ஸ்கோர் தாளில் கையெழுத்திட வருவதற்கு முன், அவன் உடை மாற்றாமலே கழகத் தலைவரிடம் போனான். கையில் ஒரு லட்டுப் பெட்டி, அதன் மேல் ஒரு வெள்ளை உறை. இரண்டையும் இரண்டு கையாலும் கொடுத்தான். கிழவர் வாங்கி, அவன் தோளைத் தட்டிவிட்டு, உறையைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார்.

என் மேசைக்கு வந்தபோது, அதைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்க வேண்டாமா என்று மெல்லக் கேட்டேன்.

"அவருக்கோ மாமா?" என்றான். "எங்கட வீட்டில போஸ்ட்காரன் கையெழுத்துக் கேட்டால் அம்மா கதிரையைப் பிடிச்சுக்கொண்டுதான் சைன் வைப்பா. அப்பிடி ஒரு கடிதம் அவருக்கு நான் அனுப்ப ஏலாது."

அவன் பிறப்பதற்கு முன்பே அந்தத் தாயின் அகதி விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. இரண்டு முறையும் தபால்காரர் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார். அந்த மேன்முறையீடுகளை எழுதியவன் நான். எனவே விதியைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, ஸ்கோர் தாளின் அடியில் மழை, காயம், சண்டை முதலியவற்றை எழுதுவதற்கென்று இருக்கும் குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 16.40 மணி, எறிபவர் தலைவரிடம் விலகல் கடிதத்தைக் கையளித்தார், கூடவே ஒரு பெட்டி இனிப்பு. நடுவர் வாசிக்காமல் கையெழுத்திட்டார். நடுவர்கள் வாசிப்பதில்லை.

அடுத்த ஆறு கிழமையும் அவன் எங்கே போவான் என்பதுதான் பேச்சு. அமெரிக்காவில் இப்படி ஒரு நட்சத்திரம் ஒப்பந்தம் முடிந்து விடுபட்டால், ஊகிப்பவர்களுக்கு முகவர்களும் பத்திரிகைக்காரரும் துணை. எங்களுக்கு ஒரு தமிழ்க் கடை. கடைக்காரர் அவன் எங்கேயும் போகான் என்ற கட்சி. அதற்கு ஆதாரம், போன கிழமை அவன் வாங்கிய அரிசி மூட்டை.

"போறவன் இருபது கிலோ வாங்குவானோ அண்ணை? அஞ்சு கிலோவெல்லோ வாங்குவான்."

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும், எல்லோரும் மன்னார் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி, ஸ்ருட்கார்ட் என்று அடித்துச் சொன்னா. கேவலார் மாதா கோயில் யாத்திரையில் அவனுடைய தாய் யாரிடமோ அங்கத்தைய வீட்டு வாடகை கேட்டதைத் தன் காதால் கேட்டாவாம். தாய் சைவக்காரி, மாதா கோயிலுக்கு ஏன் போனா என்று கடைக்காரர் கேட்டார். "மகனுக்கு நேர்த்தி வைக்கிறவைக்கு சைவமென்ன வேதமென்ன," என்றா மன்னார் அக்கா. "நீர் உம்மட அரிசியை நிறும்." கெல்சென்கிர்ச்சனிலிருந்து சாமான் வாங்க வந்த ஒருவர், பெடியன் அமெரிக்காதான், தன் மருமகனுக்குத் தெரியும் என்றார். மருமகன் விமான நிலையத்தில் பொதி ஏற்றுபவர்.

என்னையும் கேட்டார்கள். விலகல் படிவத்தில் போகும் இடம் எழுதும் பெட்டி இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. உண்மையில் நானும் வீட்டில் நிலப்படத்தை விரித்து வைத்து ரயில் நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மான்ஹைம் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். காரணம் கேட்காதீர்கள், அரிசி மூட்டையை விடப் பலவீனமானது.

நவம்பரில் அவன் என் வீட்டுக்கு வந்தான். அவன் பதிவு கேட்டு எழுதியதற்குச் சங்கத்திலிருந்து கடிதம். விலகல் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டதற்கான அத்தாட்சி இல்லை, எனவே அது அனுப்பப்பட்டதாகக் கொள்ள முடியாது, மாத எல்லையும் கடந்துவிட்டது, அடுத்த பருவம் தடை. தலைவர் இப்போது கையெழுத்திட்டாலும் பயனில்லை. அந்தக் கையெழுத்துக்கு நவம்பர்த் திகதிதான் விழும். கடிதம் கொடுக்கப்பட்டது செப்டம்பரில்தான் என்று நிரூபித்தால் மட்டும் வழி உண்டு. அவன் யாரையும் குறை சொல்லவில்லை. கிழவருக்கு இதனால் கரைச்சல் வருமா என்று மட்டும் கேட்டான்.

அடுத்த நாள் ஸ்கோர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் வானொலிக்குப் பக்கத்தில் அந்த உறை நின்றது. ஒட்டியது ஒட்டியபடி. பெட்டி வெறுமையாக இருந்தது.

"இனிப்பு முடிந்துவிட்டது," என்றார் அவர். "மற்றதை நான் திறக்கவில்லை. திறந்தால் பதில் சொல்ல வேண்டுமே."

அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முப்பது வருடம் நிலத்துக்கு அடியில் இருந்தவர். அந்தப் பையனுக்குப் பந்தைப் பிடிக்கும் விதத்தை விரல் விரலாகக் காட்டியவர். அவன் போனால் கழகம் அடுத்த வருடம் கீழே இறங்கும். இறங்கினால் இருக்கும் ஒன்பது பேரில் நாலு பேர் மிஞ்சுவார்கள். உறை வரவில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வசனம் போதும். விதியும் அவர் பக்கம். நான் புத்தகத்தைத் திறந்து குறிப்பைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். இனிப்பையும் எழுதியிருக்கிறீர்களே என்றார். முழுமை கருதி என்றேன்.

பிறகு என்னிடமே ஒரு பேனை வாங்கி, நான் வரைந்து கொண்டுபோயிருந்த உறுதிக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, தன் கையெழுத்தில் எழுதினார். அந்த நாளில் அந்த மைதானத்தில் அவன் கையால் இந்தக் கடிதத்தைப் பெற்றேன், உள்ளே என்ன இருக்கிறதென்று அப்போதே எனக்குத் தெரியும், மறுப்பு எதுவும் இல்லை. என் வாழ்நாளில் நான் வரைந்த கடிதங்களில் திருத்தத் தேவையில்லாதவை பல உண்டு. இதைவிடச் சரியானது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எழுதி முடித்ததும் உறையைக் கத்தியால் பிரித்து, எழுந்து நின்று வாசித்தார். உள்ளே இரண்டு பக்கம் இருந்தது. படிவம் ஒரு பக்கம்தான். மற்றப் பக்கத்தில் என்ன இருந்ததென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்கோர் தாளின் பிரதி, தலைவரின் கடிதம், என் விளக்கம் மூன்றையும் அனுப்பினேன். பதிவுத் தபாலில்தான். பொறுப்பானவர் விடுமுறையில் என்று டிசம்பரில் ஒரு மின்னஞ்சல் தானாக வந்தது. தொலைபேசியில் ஒரு பெண், கோப்பு மேசையில் இருக்கிறது என்றாள். யாருடைய மேசை என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றாள். கச்சேரியில் நானும் இதே பதிலை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு தூரம் கடந்து திரும்பி வருமென்று நினைக்கவில்லை.

புது வருடம் பிறந்த பிறகு கடையில் ஊகங்கள் குறைந்துவிட்டன. எங்கே போவான் என்று கேட்டவர்கள், இப்போது போக விடுவார்களா என்று கேட்டார்கள். மன்னார் அக்கா மெழுகுதிரி கொளுத்தினா. கடைக்காரர், இருபது கிலோ அரிசியைத் தான் விற்றதே பிழை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவன் மட்டும் வழக்கம்போல் ரயிலில் வந்து, உறைந்த மைதானத்தில் கையைக் கழுவ முடியாமல் போத்தல் தண்ணீரால் கழுவிவிட்டு, கிழவர் பிடிக்க நாற்பது பந்து எறிந்துவிட்டுப் போனான். தடை வந்தாலும் எறியத்தானே வேண்டும் என்றான்.

ஜனவரி முடிய இரண்டு நாள் இருக்கும்போது தபால்காரர் மணியடித்தார். கையெழுத்துக் கேட்டார். அவனுடைய தாயைப்போலவே என் மனைவியும் கதிரையைத் தேடினா, நான்தான் வாங்கினேன். சங்கத்தின் முடிவு: நடுவரும் இரு அணித் தலைவர்களும் ஒப்பமிட்ட ஸ்கோர் தாள் சங்கத்தின் ஆவணமே என்பதால், அதிலுள்ள குறிப்பு, பெற்றவரின் உறுதிமொழியோடு சேர்த்து, கையளித்ததற்கான அத்தாட்சியாக ஏற்கப்படுகிறது. வீரர் அக்டோபர் முதலே விடுபட்டவர்.

அவனைக் கூப்பிட்டேன். வேலையில் நின்றான். செய்தியைச் சொன்னபோது பின்னால் யாரோ முதியவர் தேத்தண்ணி கேட்பது கேட்டது. சரி, இனியாவது எங்கே என்று சொல் என்றேன்.

"தலைவருக்கு முதல் சொல்லிப்போட்டு உங்களுக்குச் சொல்லுறன் மாமா. குறை நினையாதேங்கோ."

அன்று பின்னேரம் சொன்னான். தெற்கே, நிலப்படத்தில் விரலால் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு சிறு நகரம். முதல் பிரிவுக் கழகம், பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. எங்களில் ஒருவரும் அந்தப் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை.

நான் செப்டம்பர் மாதத் தாளை எடுத்து, இனிப்புப் பெட்டி பற்றிய குறிப்புக்குக் கீழே, மிஞ்சியிருந்த ஒரு வரி இடத்தில், எழுதவேண்டியதை எழுதினேன்: பதில் கிடைத்தது, ஜனவரி 29, வியாழக்கிழமை.