பத்து லட்சத்து ஒன்றும் நூற்றோராவது ஆளும்

ஒரே ஒரு வகுத்தல் கணக்கைப் போடச் சோம்பல்பட்டு, ஒரு பெண்ணைக் கோயில் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியவன் நான். நான் கணக்கில் புலி என்று பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நம்பவைத்ததும் நான்தான்.

கும்பாபிஷேகத்துக்கு முருகா என்ற பெயரைப் பத்து லட்சத்து ஒரு தடவை நோட்டுகளில் எழுதிச் சமர்ப்பிப்பதென்று முடிவாயிற்று. முழு எண்ணோடு ஒன்று சேர்க்காவிட்டால் நமக்குத் திருப்தி கிடையாதே. எழுதுகிறவர்களில் யாருக்காவது ஒரு பெயர் கூடிவிட்டால் முதல் மரியாதைச் சண்டை வரும் என்று கோயில் தலைவருக்குப் பயம். சமமாகப் பங்கு போடும் வேலை ரயில்வே ஆபீஸ் கிராணியான, அதாவது குமாஸ்தாவான, என்னிடம் வந்தது.

இரண்டு, மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனேன். எண் எதற்கும் மசியவில்லை. பகா எண் என்று உறுதியாகச் சொல்ல, ஆயிரம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தொண்ணூற்றேழை முடித்தபோது காபி வந்தது. பென்சிலை வைத்துவிட்டேன்.

"எத்தனை பேருக்குப் பிரிச்சாலும் மீதி நிக்கும்" என்று கூட்டத்தில் அறிவித்தேன். நூறு பேருக்குத் தலா பத்தாயிரம், மிஞ்சும் ஒன்று பூசாரிக்கு என்று ஏற்பாடாயிற்று.

பட்டியல் நிரம்பிய பிறகு செந்தூலிலிருந்து அந்தப் பெண் வந்தாள். தண்டவாள வேலைக்காரரின் மனைவி. இரண்டு வண்டிகளுக்கிடையில் கால் நசுங்கி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுத்தறியாதவள், இதற்காகவே அந்த மூன்றெழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னையும் சேத்துக்குங்க கிராணி ஐயா. அவரு எந்திரிச்சு நடக்கணும்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நூத்தியோரு பேருக்குச் சரியா வருமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேனே" என்றேன். பென்சில் சட்டைப்பையில்தான் இருந்தது.

கும்பாபிஷேகம் முடிந்து சில வாரங்கள். ஆபீசில் வேலையில்லாத ஒரு மழை மத்தியானம், விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தேன். தொண்ணூற்றேழுக்கு அடுத்த பகா எண் நூற்றொன்று. வகுத்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மீதி பூஜ்யம். அவளைச் சேர்த்திருந்தால் பூசாரிக்குக்கூட வேலையில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செந்தூலுக்கு ரயில் ஏறினேன். கணவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கும் என் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று பல முறை எனக்கே நிரூபித்துப் பார்த்திருக்கிறேன். அந்த நிரூபணமும் தொண்ணூற்றேழிலேயே நின்றுவிடுகிறது.

நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கணக்கைப் போட எவ்வளவு நேரமாச்சுங்க ஐயா?"

"ரெண்டு நிமிஷம்."

"அன்னிக்கு நான் வாசல்ல அரை மணி நேரம் நின்னேன்" என்றாள்.