விசிலைக் கொடுத்துவிட்டுப் பந்து பொறுக்கிய சாலமன் அண்ணன்

சாலமன் அண்ணன் இன்று விடியற்காலை கர்த்தரிடம் போய்விட்டார்.

ஸ்கூல் வேனை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணிதான் போனில் சொன்னார். நிதானமாகச் சொன்னார். எனக்குத்தான் சாவியைப் போடக் கை வரவில்லை...

பென்னாகரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவரைக் கண்டக்டராகத் தெரியும். எங்களுக்கு அவர் கோச். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கிரவுண்டில் எங்கள் வாலிபால் டீமைப் பதினாறு வருஷம் நடத்தினார்.

டீம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கொத்தனார், டிரைவர், ஆடு வளர்ப்பவர், பால் சொசைட்டி ஆள்... எல்லாரும் குடும்பஸ்தர்கள். பாதிப் பேர் சர்ச்சுக்கு வருகிறவர்களே இல்லை.

காலையில் பஸ்ஸில் ஊதிய விசிலைத்தான் சாயங்காலம் கிரவுண்டிலும் ஊதுவார்.

அவர் வைத்த ரூல் ஒன்றுதான். பந்தை விட்டவன் கையைத் தூக்க வேண்டும். வெயில் கண்ணில் பட்டது, அவன் குறுக்கே வந்தான் என்று எதுவும் சொல்லக் கூடாது. கையைத் தூக்கிவிட்டு உடனே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அடுத்த சர்வீஸ் வந்துவிடும்.

நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் குடியில் விழுந்தேன். வேலை போனது. வீட்டில் சண்டை. குடியை விட்ட பிறகும் ஒரு வருஷம் சர்ச்சுக்குள் போகவில்லை. எந்த முகத்தோடு போய் உட்காருவது...

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் அண்ணன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பந்த விட்டவன் கோர்ட்ட வுட்டா ஓடிப் போறான்? கையத் தூக்கிட்ட இல்ல... எடத்துக்கு வந்து நில்லுப்பா."

சட்டையை மாற்றிக்கொண்டு அவரோடு நடந்தேன். அன்றைக்கு நற்கருணை எடுத்தேன். இன்றுவரை திரும்பக் குடிக்கவில்லை. இதை இங்கே எழுத எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அண்ணனே தப்புச் செய்த கதை.

முனியப்பன் எங்கள் செட்டர். நான் அடிக்கிற பந்தையெல்லாம் தூக்கிக் கொடுத்தவர். காட்டோரம் ஆடு வளர்ப்பவர். ஒரு கிறிஸ்துமஸ் டோர்னமென்ட்டில் செமி ஃபைனலுக்கு அவர் தள்ளாடிக்கொண்டே வந்தார். கண் சிவந்திருந்தது.

அண்ணன் ஒன்றுமே விசாரிக்கவில்லை. குடித்துவிட்டு என் கோர்ட்டில் நிற்காதே என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டார். முனியப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போனார். நாங்கள் தோற்றோம்.

மறுநாள் காலை அண்ணனின் பஸ்ஸிலேயே முனியப்பனும் அவர் மனைவியும் ஏறினார்கள். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு. முனியப்பன் தலை அவர் மனைவியின் தோளில்.

"மூணு நாளா காய்ச்சலுங்கண்ணா," என்றது அந்தப் பொண்ணு. "படுங்கன்னு சொன்னன். மேட்சுன்னு எந்திரிச்சு வந்தாரு. குடிச்சிருக்கான்னு சொல்லிட்டீங்களாமே."

அன்றைக்குச் சாயங்காலம் டூட்டி முடிந்ததும் அண்ணன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். முனியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த பிராக்டிஸில் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்தார். கையைத் தூக்கினார். உண்மையாகவே தூக்கினார்...

"முனியப்பன் குடிக்கல. கேக்காம தீர்ப்பு சொன்னவன் நானு. உங்க முன்னாடி அவன அசிங்கப்படுத்துனன், அதனால உங்க முன்னாடி சொல்றன்."

பிறகு விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவன் திரும்பி வர்ற வரைக்கும் என்றார்.

அதோடு நிற்கவில்லை. கோட்டுக்கு வெளியே போய் நின்று பந்து பொறுக்க ஆரம்பித்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பந்து பக்கத்து ராகிக் கொல்லைக்குள் போனால் வேலி தாண்டிப் போய் எடுத்து வருவார். எடுத்து வந்து என்னிடம் கொடுப்பார். நான் கோச்சாம்!

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. விடுங்கண்ணா, போதும் என்றோம். காதிலேயே வாங்கவில்லை.

மூன்றாவது வாரம் ரோட்டில் ஆடுகளோடு போய்க்கொண்டிருந்த முனியப்பன் நின்றார். கொல்லையிலிருந்து பந்தோடு ஏறி வந்த அண்ணனைப் பார்த்தார். ஆடுகளை மனைவியிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து அண்ணன் கையிலிருந்த பந்தை வாங்கினார்.

"விசில நீங்களே வெச்சுக்கங்கண்ணா. இவன் ஊதறது காதால கேக்க முடியல."

அண்ணன் அழுதார். நாங்கள் சிரித்தோம். அன்றைக்கு இருட்டும்வரை ஆடினோம்.

போன வாரம் நோயில் படுத்திருந்த அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேனென்று தெரியவில்லை.

"வூட்டுக்குப் போறவனுக்கு என்னாப்பா பயம்," என்றார். "உங்க அண்ணிதான் தனியா இருப்பா. அப்பப்ப வந்து எட்டிப் பாருங்க."

நாளை காலை பதினோரு மணிக்கு சர்ச்சில் ஆராதனை, அதற்குப் பிறகு அடக்கம். டீம் முழுக்க வருகிறது. பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதும் என்றார் பாஸ்டர். பத்துப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.

இன்றைக்குச் சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போகிறோம்.

போய்ட்டு வாங்கண்ணா. அங்க பாக்கலாம்.