ஒழுகும் குழாய்களைத் தேடிப் போனவன்

தண்ணீர் வராத வீட்டுக்குப் போனால் திட்டுவார்கள்; வீணாகிற வீட்டுக்குப் போனால் காபி கொடுப்பார்கள். அறுபதுகளில் பம்பாய் மாநகராட்சியில் குழாய் இன்ஸ்பெக்டராக இருந்த எனக்கு இரண்டும் நிறையக் கிடைத்தன. குழாய் ஒழுகும் வீட்டில் வசிப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நோட்டீஸ்

ஒரு கோடையில் ஏரித் தண்ணீர் குறைந்துவிட்டது. 'தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்' என்று நோட்டீஸ் அச்சடித்து, வீடு வீடாக ஒட்டச் சொன்னார்கள். மாட்டுங்காவில் ஒரு மாமி, சமையலறைக் குழாய்க்கு மேலேயே இடம் காட்டினார். ஒட்டினேன். கீழே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "இறுக்கி மூடுங்க மாமி" என்றேன்.

"மூடித்தான் இருக்கேன். நோட்டீஸை நான் படிச்சாச்சு. குழாய்க்குப் படிக்கத் தெரியலையே!"

வாஷர்

மறுநாளிலிருந்து நோட்டீஸை விட்டுவிட்டுப் பை நிறையத் தோல் வாஷர் கொண்டுபோனேன். செம்பூரில் ஒரு காலனி முழுக்க, தேய்ந்த வாஷர்களை மாற்றினேன். ஒரே வாரத்தில் சொட்டு நின்றது. என் மேலதிகாரி நல்ல மனிதர். வாரக் கடைசியில் ஃபாரத்தை எடுத்து, "எத்தனை நோட்டீஸ் ஒட்டினீங்க?" என்றார். "ஒண்ணும் ஒட்டலை சார். ஆனா ஒழுகல் நின்னுடுச்சு." அவர் பூஜ்யம் போட்டார்.

"ஒழுகல் நின்னதை எழுத இதுல இடம் இல்லையே. அடுத்த வாரமாவது வேலையைப் பாருங்க."

திறந்தே கிடந்த குழாய்

தாராவியில் ஒரு பொதுக் குழாய் எப்போதும் திறந்தே கிடந்தது. மூடாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும்படி உத்தரவு. ஸ்பானரோடு போனேன். எதிர்வீட்டு இசக்கியம்மாள் குழாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தண்ணி எப்ப வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா, அண்ணாச்சி?" எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலை ஒன்பதுக்கு வருமாம். ஒரு நாள் மத்தியானம் இரண்டுக்கு. வெறுங்குடத்தில் விழும் சத்தம் கேட்டு ஓடிவரத்தான் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் குடத்தை வைத்திருந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் குடம் நிறைந்து, மிச்சம் சாக்கடைக்குப் போனது. துண்டித்திருந்தால் அந்தச் சந்துக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்பானரைப் பையில் போட்டுவிட்டு, தெரு வால்வைத் திறக்கும் சாவிவாலாவைத் தேடிப் போனேன். தினமும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன், டீ வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வாரம் மாலை ஐந்து மணிக்கு அவர் வால்வைத் திறக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அதற்குப் பிறகு, தண்ணீர் வராத நேரத்தில் அந்தக் குழாய் திறந்திருந்து நான் பார்க்கவில்லை. "இப்ப எவ்வளவு சிக்கனமா இருக்கீங்க!" என்று இசக்கியம்மாளைப் பாராட்டினேன்.

"சிக்கனத்த எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், அண்ணாச்சி. இன்னைக்கு அஞ்சு நிமிசம் பிந்தி வந்துச்சு, அத என்னன்னு கேளுங்க."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் திருத்தியது சில நூறு குழாய்களையும் ஒரு சாவிவாலாவையும்தான். ஜனங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தார்கள்.